பாக்கியமும் பேறும்

தமிழில் சொல்லாராய்ச்சி எங்கே தொடங்கிற்று என்று கேட்டால் உரையாசிரியர்களைச் சொல்லுவோம். அது நியாயந்தான். ஆனால் எழுத்தறியாத ஜனங்களின் வாயில் ஒரு சாதாரணச் சொல் என்ன அர்த்தம் தருகிறது என்று கவலைப்பட்டு எழுதிய கடிதம் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. அது 1544இல் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் எழுதப்பட்டது. எழுதியவர் பிரான்சிஸ் சவேரியார். தமிழ் அவருக்குச் சரளமாக வராது. 1542இல் இந்தக் கரைக்கு வந்தவர், இரண்டு பாஷையும் அறிந்த சிலரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஜபங்களைத் தமிழாக்கி, அவற்றை நெட்டுருப் போட்டு, மணியடித்துப் பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார். விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று மொழிபெயர்ப்பு அமைந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லைப் போடும்படி தம் தோழர் மான்சிலாஸுக்கு எழுதினார். 'வேணும்' என்பது ஆசைப்படுவது, நம்புவது வேறு என்பது அவர் வாதம்.

வேத சாஸ்திரப்படி அவர் செய்தது சரி. ஆனால் கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்த 'வேணும்' பேரில் ஒரு பிரியம் உண்டு. நம்பிக்கை என்பது மனசுக்குள் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய காரியம். வேணும் என்பவன் எழுந்து கைநீட்டுகிறான். இடுப்பில் கயிறும் காலடியில் கல்லுமாகக் கடலுக்குள் இறங்குகிறவனுக்கு அந்தச் சொல் இயல்பானது. அது ஜபத்திலிருந்து போய்விட்டது. ஆனால் 'வேணும்' என்பதற்கு மறுமொழியாக அமையும் சொல், அதாவது வேண்டியதைப் பெற்றுக்கொண்டவனின் நிலையைச் சொல்லும் சொல், என்ன ஆயிற்று? இந்தக் கட்டுரையின் விஷயம் அதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். லத்தீனில் 'பெனெதிக்துஸ்' என்று ஒரு சொல், 'பெயாத்துஸ்' என்று ஒரு சொல். முதலாவது, நல்வாக்குச் சொல்லப்பட்டவன். இரண்டாவது, இன்பநிலையை அடைந்தவன். கிரேக்கத்திலும் இந்த இரண்டும் வெவ்வேறு சொற்கள். இங்கிலீஷ்காரன் இரண்டையும் 'பிளெஸ்ட்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டான். இங்கிலீஷ் வழியாகக் கிறிஸ்தவத்தைப் படித்த நம்மவர்களும் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறார்கள். அதனால்தான் நம் கதைகளில் வரும் கிறிஸ்தவப் பாத்திரங்கள் எதற்கெடுத்தாலும் 'ஆசீர்வாதம், ஆசீர்வாதம்' என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன.

தமிழ் இந்த விஷயத்தில் இங்கிலீஷைவிட ஜாக்கிரதையாக இருந்திருக்கிறது. லூக்காஸ் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் எலிசபெத்தம்மாள் மரியாளைக் கண்டு இரண்டு தடவை வாழ்த்துகிறாள். ஒரு தடவை மூலத்தில் இருப்பது நல்வாக்குச் சொல், மறு தடவை இன்பநிலைச் சொல். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஓரிடத்தில் ஆசீர்வாதம் வரும், மற்ற இடத்தில் பாக்கியவதி என்று வரும். 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பில் ஓரிடத்தில் 'ஆசி', மற்ற இடத்தில் 'பேறு'. சொற்கள் மாறினாலும் வித்தியாசம் காப்பாற்றப்பட்டிருக்கிறது. இதைக் கவனிக்கிறவர்கள் குறைவு.

இனிக் கடற்கரைக்குப் போவோம். தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று நீளும் இந்தக் கரையில் கத்தோலிக்க சமயம் நாலரை நூற்றாண்டுக்கு மேலாக வேரோடியிருக்கிறது. பெயர்களில் போர்த்துக்கீசியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பர்னாந்து, மச்சாது, கொரேரா, மோத்தா என்பன இங்கே சாதாரணக் குடும்பப் பெயர்கள். பனிமய மாதாவைத் 'தஸ்நேவிஸ் மாதா' என்று சொன்னால், அதில் பனியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல் அப்படியே இருக்கிறது. ஆனால் நன்மையைச் சொல்லும் சொற்கள் மட்டும் அந்நியமாக இல்லை. அவை ஊர்ச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு.

வீட்டுக்கும் குருத்தோலைக்கும் கல்லறைக்கும் நடப்பது மந்திரிப்பு. குருவானவர் ஜபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தால் அது மந்திரித்த பொருள். குனிந்த தலைமேல் கைவைத்துச் சொல்வது ஆசீர்வாதம். இரண்டும் வாயினால் ஆகிற காரியங்கள், லத்தீனின் நல்வாக்குச் சொல்லோடு சேர்பவை. இவற்றுக்கு அப்பால் ஒரு மனிதன் இருக்கிற நிலையைச் சொல்ல மூன்று வழிகள் உண்டு. பாக்கியம் என்பார்கள், கொடுத்து வைத்தது என்பார்கள், பேறு என்பார்கள். வேடிக்கை என்னவென்றால் மூன்றுக்கும் உள்ளே மூன்று வெவ்வேறு தத்துவங்கள் இருக்கின்றன.

பாக்கியம் என்பது வடமொழிச் சொல். பங்கு என்பதே அதன் வேர்ப்பொருள். உனக்கென்று பிரித்து வைத்த பாகம் உன் பாக்கியம். முத்துக்குளித்த ஜனங்களுக்குப் பங்கு என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கில ஆட்சிக் காலத்துச் சலாபத்தில் அள்ளி வந்த சிப்பியில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளியாளுக்கு. சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவன் அதை அழுகவிட்டுக் கழுவிப் பார்த்த பிறகுதான் உள்ளே முத்து இருந்ததா, வெறும் ஓடா என்று தெரியும். பங்கு நியாயமாகக் கிடைக்கலாம். பங்கில் முத்து இருக்க வேண்டும் என்பதற்கு யார் ஜாமீன்? பாக்கியம் என்ற சொல்லில் இந்த இரண்டு குணமும் உண்டு. அது பிரித்துக் கொடுக்கப்பட்டது, அது அதிர்ஷ்டமும்கூட.

'கொடுத்து வைத்தவள்' என்பது இன்னும் வீட்டுப் புழக்கமான பிரயோகம். இதைத் தமிழ் நாட்டில் சொல்லாத ஊர் கிடையாது, சொல்லாத மதமும் கிடையாது. ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் முன்பு எப்போதோ கொடுத்து, வைத்தது, இப்போது வட்டியோடு திரும்பி வருகிறது என்றல்லவா ஆகிறது? முற்பிறவிக் கணக்கு அதற்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஞாயிறு தவறாமல் பூசை காண்கிற கிழவியும் அடுத்த வீட்டு மருமகளைப் பார்த்து 'கொடுத்து வச்சவ' என்று பெருமூச்சு விடுகிறாள். அவள் மறுபிறப்பை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. சொற்கள் தத்துவத்தைச் சுமக்கும், ஆனால் சொல்லுகிறவர்களை அதற்குக் கையெழுத்துப் போடச் சொல்லுவதில்லை.

மலைப் பிரசங்கத்தை மொழிபெயர்க்கிறவனுக்குத்தான் சங்கடம். அங்கே ஏழைகளும் துக்கப்படுகிறவர்களும் பசித்திருப்பவர்களும் துன்புறுத்தப்படுகிறவர்களும் இன்பநிலை அடைந்தவர்களின் வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். உலகம் சொல்வதற்கு நேர் எதிர். இவர்களைக் கொடுத்து வைத்தவர்கள் என்றால் கேலி மாதிரி இருக்கும். பாக்கியவான்கள் என்றால் பாதி சரி. ஆனால் பெண்பாலில் சொல்லிப் பாருங்கள். கல்யாணக் கடிதாசியில் மணப்பெண்ணின் பெயருக்கு முன்னால் 'சௌபாக்கியவதி' என்று போடுகிறோம். பாக்கியவதி என்றால் புருஷனும் பிள்ளைகளும் பொன்னும் மஞ்சளுமாக இருக்கிறவள் என்ற வாசனை அதில் ஏறிவிட்டது. 2017 நவம்பர் முடிவில் ஒக்கிப் புயல் அடித்தபோது குமரிக் கடற்கரையில் எத்தனையோ வீடுகளுக்கு ஆண்கள் திரும்பி வரவில்லை. அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, துக்கப்படுகிற நீ பாக்கியவதி என்று எந்தக் குருவானவர் வாய் சொல்லும்? சொன்னால் எந்தக் காது அதைத் தாங்கும்? அர்த்தம் சரியாக இருக்கலாம். சொல் அவளைச் சுடும்.

இங்கேதான் 'பேறு' என்ற பழைய தமிழ்ச் சொல் வந்து கைகொடுக்கிறது. பெறுவது பேறு. அதற்குமேல் அந்தச் சொல் எதையும் வற்புறுத்துவதில்லை. பங்கு பிரித்தது யார் என்று கேட்பதில்லை, முன்பு கொடுத்து வைத்தாயா என்று கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் தெற்கத்தி வீடுகளில் இந்தச் சொல்லை யார் அதிகம் சொல்லுகிறார்கள்? பிள்ளை பெறுகிற பெண்களும் அவர்களைப் பெற்றவர்களும். பேறுகாலம் என்றால் பிரசவ காலம். மக்கட்பேறு என்று திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆகவே பேறு என்றவுடன் தமிழ்ப் பெண்ணின் காதில் சுகம் மட்டும் விழுவதில்லை. வலியும் பயமும், உயிர் போய் உயிர் வருகிற ஓர் இரவும், அதற்குப் பிறகு கையில் வந்து சேர்கிற ஒன்றும் சேர்ந்து விழுகின்றன. துக்கத்தையும் இன்பத்தையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. பொது மொழிபெயர்ப்பில் மலைப் பிரசங்கத்துக்குப் 'பேறுபெற்றோர்' என்ற சொல்லை எடுத்தவர்கள் தனித்தமிழ் ஆசையினால் எடுத்தார்களோ என்னவோ, அவர்கள் கையில் அகப்பட்டது முத்து.

இந்தப் பேறு திருச்சபையின் பட்ட வரிசையிலும் இடம் பெற்றது. ஒருவரைப் புனிதர் என்று உலகம் முழுவதற்கும் அறிவிப்பதற்கு முன்னால், அவர் சொர்க்கத்தில் இருக்கிறார் என்று சொல்லி, குறிப்பிட்ட ஒரு நாட்டிலோ மறைமாவட்டத்திலோ துறவற சபையிலோ அவருக்கு வணக்கம் செலுத்த அனுமதிப்பது ஒரு படி. லத்தீனில் அவர் 'பெயாத்துஸ்'. சவேரியாருக்கு இந்தப் படி 1619இல் கிடைத்தது, புனிதர் பட்டம் 1622இல். ஓரியூரில் 1693இல் தலை வெட்டுண்டு இறந்த அருளானந்தர் முதற் படியை 1853இலும் அடுத்ததை 1947இலும் அடைந்தார். இந்த முதற் படியில் நிற்கிறவரைத் தமிழில் 'முத்திப்பேறு பெற்ற' இன்னார் என்று எழுதி வந்தார்கள்.

முத்தி என்பது சைவர்களிடமிருந்து வந்த சொல். (முத்துக்கும் முத்திக்கும் சம்பந்தமில்லை. சிலேடைப் பிரியர்கள் மன்னிக்க.) பிறவித் தளையிலிருந்து விடுதலை என்பதே அதன் அர்த்தம். மறுபிறவியை ஏற்காதவர்கள் அதை எடுத்துக்கொண்டது பொருந்துமா என்று கேட்கலாம். ஆனால் இந்தக் கரையில் ஆரம்பமே இப்படித்தான். அந்திரீக்கே அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட பதினாறு பக்கப் புஸ்தகத்துக்குத் 'தம்பிரான் வணக்கம்' என்று பெயர். தம்பிரான் யாருடைய சொல்? சைவ மடத்துச் சொல் அல்லவா! 1586இல் அச்சான, இன்று 'அடியார் வரலாறு' என்று அறியப்படும் அவருடைய பெரிய நூல் புனிதர்களின் கதைகளைத் தமிழ் உரைநடையில் சொல்லுகிறது. தமிழ் உரைநடையின் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கடற்கரைப் பாதிரியாரைத் தாண்டிப் போக முடியாது. 1600இல் இறந்த அவரைத் தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள். அடுத்த வீட்டிலிருந்து சொல்லைக் கடன் வாங்கித் தன் வீட்டில் வைத்துப் பழக்குவது பாஷையில் திருட்டு ஆகாது. நாலு தலைமுறை வாழ்ந்தால் அது அந்த வீட்டுச் சொல்.

பழைய கத்தோலிக்கத் தமிழில் இன்னொரு சொல் இருந்தது. அதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தேவ கிருபைக்குப் 'பிரியதத்தம்' என்று பெயர். பிரியத்தோடு கொடுக்கப்பட்டது என்று அர்த்தம். மரியாளை வாழ்த்தும் ஜபத்தில் பல தலைமுறைகள் இந்தச் சொல்லை உச்சரித்தன. இப்போது அந்த இடத்தில் 'அருள்' இருக்கிறது. அருள் அழகான சொல், ஆட்சேபணை இல்லை. ஆனால் பிரியதத்தமும் பேறும் ஒரு ஜோடி என்பதைக் கவனியுங்கள். ஒன்று கொடுக்கிற கையிலிருந்து பார்க்கிறது, மற்றது வாங்குகிற கையிலிருந்து பார்க்கிறது. கடவுள் பிரியமாகக் கொடுத்தார், மனிதன் பெற்றுக்கொண்டான். இதில் மனிதனுடைய யோக்கியதைக்கு அதிகம் இடமில்லை.

இப்போது பட்ட வரிசையில் 'முத்திப்பேறு பெற்றவர்' மெல்ல ஒதுங்கி 'அருளாளர்' முன்னால் வந்துவிட்டார். தேவசகாயத்தின் விஷயத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். திருவிதாங்கூரில் பிறந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று வைத்தார்கள். கடவுளிடமிருந்து உதவி பெற்றவன் என்பது மூலப் பெயரின் கருத்து. பெயரே ஒரு பேறுதான்! 2012 டிசம்பர் 2ஆம் தேதி நாகர்கோவிலில் அவருக்கு முதற் படிப் பட்டம் வழங்கினார்கள். 2022 மே 15ஆம் தேதி ரோமாபுரியில் புனிதரானார். இடைப்பட்ட பத்து வருஷத்தில் சிலர் முத்திப்பேறு பெற்ற தேவசகாயம் என்றார்கள், சிலர் அருளாளர் தேவசகாயம் என்றார்கள். இரண்டுக்கும் ஒரே பதவி என்று இரு சாராரும் எண்ணிக்கொண்டார்கள்.

பதவி ஒன்றுதான். சொல் ஒன்றல்ல. அருளாளர் என்றால் அருளை ஆள்கிறவர், அருளை உடையவர். அருளுகிறவர் என்ற தொனியும் அதில் உண்டு. காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாளைப் பேரருளாளன் என்று வைஷ்ணவர்கள் அழைக்கிறார்கள். அங்கே அந்தச் சொல் ரொம்பப் பொருத்தம், ஏனென்றால் பெருமாள் கொடுக்கிறவர். கொல்லப்பட்டு இறந்து, கடவுள் கையிலிருந்து தன் முடிவை வாங்கிக்கொண்ட ஒரு மனிதனுக்கு அந்தப் பெயரை வைக்கும்போது பார்வை திரும்பிவிடுகிறது. வாங்கினவன் கொடுக்கிறவனாகிவிடுகிறான். நம்மைப்போல் கையேந்தி நின்றவன் என்ற உறவு போய், நாம் கையேந்த வேண்டிய ஒருவன் என்ற உறவு வந்துவிடுகிறது.

அருளாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு. சிறிய சொல், பெயருக்கு முன்னால் பட்டம்போல உட்காருகிறது. 'முத்திப்பேறு பெற்ற' என்பதோ ஒரு வாக்கியத்தின் வால். கூப்பிட்டு மன்றாட முடியாது, சுவரொட்டியில் அடங்காது. 'அர்ச்சியசிஷ்ட' என்ற பழைய பட்டம் 'அர்ச்.' என்று சுருங்கி, பிறகு 'புனித' என்ற சொல்லுக்கு வழிவிட்டதும் ஓரளவு இதே காரணத்தினால்தான். அதற்காக நான் கண்ணீர் விடவில்லை. அர்ச்சிக்கத்தக்க சிஷ்டர் என்பது பண்டிதர்களுக்குப் புரிந்த அளவு வள்ளத்துக்காரனுக்குப் புரிந்திருக்காது. ஆனால் பேறு அப்படிப்பட்ட சொல் அல்ல. அது ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தது. 'பேறுபெற்ற தேவசகாயம்' என்று முத்தியை விட்டுவிட்டுச் சுருக்கியிருக்கலாமே! மலைப் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்ட சொல்லையே பட்டத்துக்கும் வைத்திருந்தால், லத்தீனில் இருப்பதுபோல் இரண்டும் ஒன்று என்று ஜனங்களுக்குப் புரிந்திருக்கும். துக்கப்படுகிற மனுஷிக்கும் பீடத்தில் ஏறிய மறைசாட்சிக்கும் ஒரே பெயர். இன்றோ அவள் பேறுபெற்றவள், அவர் அருளாளர். இருவரும் தனித்தனி ஜாதி ஆகிவிட்டார்கள்.

இது சர்ச்சுக்காரர்களின் விவகாரம், கதை படிக்கிற நமக்கு என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நமக்கும் உண்டு. இந்தக் கடற்கரையைப் பற்றி நல்ல நாவல்கள் வந்திருக்கின்றன. அவற்றின் வெற்றி எங்கே இருக்கிறது என்று பார்த்தால், இந்தச் சொல்லின் அர்த்தத்துக்கே வந்து சேருகிறோம். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இல் வெளியாயிற்று. மணப்பாட்டுக் கடற்கரைப் பெண் பிலோமி. காதலித்தவன் அவளுக்குக் கிடைக்கவில்லை, தாய் போய்விடுகிறாள், வீடு சிதறுகிறது. ஆனாலும் அவள் மனம் கசந்து போவதில்லை. இழப்பினாலேயே அவளுக்கு ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது என்று படிக்கிறவன் உணருகிறான். பாக்கியவதி என்று அவளை யாரும் சொல்ல மாட்டார்கள். பேறு பெற்றவள் என்று சொன்னால் மறுக்கவும் மாட்டார்கள்.

ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இல் வந்தது. கோத்ரா, சூசை, சிலுவை என்ற மூவர் நடுக்கடலில் உயிருக்குத் தத்தளிக்கிறார்கள். கதை அவர்களைச் சுற்றி விரிகிறது. வயதானவர்களின் தியாகத்தில் இளையவனுக்கு உயிர் மிஞ்சுகிறது. இப்படிப்பட்ட கதையைப் படித்துவிட்டு நாம் தியாகியைத்தான் கொண்டாடுவோம். அவன் அருளாளன், சரி. ஆனால் பிழைத்தவனுடைய பாடு என்ன? தான் சம்பாதிக்காத ஓர் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நிற்கிறவனுக்கு என்ன பெயர்? அவன்தான் பேறு பெற்றவன். அந்தப் பேறு அவனுக்கு லேசாகவும் இருக்காது, ஆயுசு முழுவதும் சுமக்க வேண்டியதாக இருக்கும். கொடுத்தவனை எழுதுவது சுலபம். வாங்கினவனை எழுதுவதற்கு நாவலாசிரியனுக்குத் திராணி வேண்டும்.

தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் 1961க்குப் பிறகு நடக்கவில்லை. சிப்பிப் பங்கு என்ற பேச்சு பாட்டன்மார் கதையாகிவிட்டது. அந்தப் பங்கோடு பாக்கியம் என்ற சொல்லின் பழைய உயிரும் கொஞ்சம் போயிருக்கும். பேறுக்கு அந்தக் கதி வரவேண்டிய அவசியமில்லை. பெண்கள் பிள்ளை பெறுகிற வரைக்கும், கேட்டுப் பெறுவதும் கேளாமல் பெறுவதும் மனித வாழ்க்கையில் இருக்கிற வரைக்கும் அதற்கு வேலை உண்டு. கிறிஸ்தவப் பாத்திரத்தை எழுதுகிற நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. வள்ளத்தைப் பற்றிச் சொல்லும்போது மந்திரிப்பு என்று எழுதுங்கள். தலைமேல் கை வைக்கும்போது ஆசீர்வாதம் என்று எழுதுங்கள். கல்யாண வீட்டில் பாக்கியம் என்று எழுதுங்கள். துக்க வீட்டுக்குள் நுழையும்போது மட்டும் சற்று நின்று, இங்கே எந்தச் சொல் சுடாது என்று யோசித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.